மலையை விட்டு இறங்காமலே பிஎச்.டி. முடிப்பது எப்படி: நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். முடித்துவிட்டு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து "பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன்" என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் கையில் ஒரு தலைப்போடுதான் வருகிறார்கள். கைடு யார், மாதச் செலவுக்கு என்ன வழி, வாரத்தில் எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று கேட்டால் பதில் இருக்காது. நான் சொல்வது நேர் எதிர். நேரம், பணம், கைடு மூன்றும் முடிவான பிறகு தலைப்பைத் தொடுங்கள். பாதியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள், அறிவு போதாமல் நின்றவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. உயர்கல்வி பற்றி ஆராய்கிறவர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். அமெரிக்காவில் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவர்களையும் முடித்தவர்களையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, இளங்கலை மதிப்பெண்ணில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டியது. துறை அவர்களை எப்படி நடத்தியது, கைடு எப்படி இருந்தார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. நம் நாட்டில் 2014-15-இல் சுமார் 1.17 லட்சம் பேர் பிஎச்.டி.யில் இருந்தார்கள், 2021-22-இல் 2.12 லட்சம். இத்தனை பேர் உள்ளே வரும்போது கைடின் நேரம் எவ்வளவு கிடைக்கும் என்பதை யோசித்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

படி 1: எதற்காக என்று எழுதி வையுங்கள்

கல்லூரி வேலைக்காக மட்டும் என்றால், முதலில் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) எழுதுங்கள். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று இருந்தாலே குறைந்தபட்சத் தகுதி என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது, பிஎச்.டி. கட்டாயமில்லை. வேலைச் சந்தை எப்படி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிப்பு விட்டது, அப்படிப்பட்ட அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. இடைப்பட்ட காலத்தில் கௌரவ விரிவுரையாளராக மாதம் 25,000 ரூபாய்க்கும், சுயநிதிக் கல்லூரியில் அதைவிடக் குறைவாகவும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிற டாக்டர்கள் நம் மலையிலேயே இருக்கிறார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, அதற்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். வேலைக்காக மட்டும் வருகிறவருக்கு மூன்றாவது வருடத்தைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம்.

படி 2: விதிமுறையை நீங்களே படியுங்கள்

நாட்டு நடப்பைச் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள், நீங்கள் யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளையும், சேரப்போகிற பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளையும் உட்கார்ந்து படித்துவிடுங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்கு வருட இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் சேரலாம். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 வருடம் தரலாம், அதாவது மொத்தம் 10 வருடம். பிரசவ விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று பெண்களுக்கு 240 நாள் வரை உண்டு. கல்யாணம் ஆகி ஊர் மாறினால், ஆய்வுத் தரவை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் விதியில் இடம் இருக்கிறது. "கல்யாணம் ஆயிடுச்சுன்னா அவ்வளவுதான்" என்று வீட்டில் சொன்னால் இந்தப் பகுதியைப் பிரின்ட் எடுத்துக் காட்டுங்கள்.

2024 ஜூன் நெட் தேர்விலிருந்து தகுதி மூன்று வகையாகப் பிரிகிறது: ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்கள், உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கைக்கும் தகுதி பெறுகிறவர்கள், சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுகிறவர்கள். பின்னிரண்டு வகைக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். சேர்க்கைக்கான அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும், அதனால் ரிசல்ட் வந்த கையோடு கைடு தேடத் தொடங்குங்கள். தபால் வழியில் பிஎச்.டி. கிடையாது. "வீட்டிலிருந்தே ஒரு வருடத்தில் டாக்டர் பட்டம்" என்று விளம்பரம் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 3: பணக் கணக்கு

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆக 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பொதுப் பிரிவில் வயது வரம்பு 30, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு. பழங்குடியினருக்கான தேசிய ஃபெல்லோஷிப் ஆண்டுக்கு 750 பேருக்குத் தரப்படுகிறது, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதற்கு அவசியம் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்குத் தனி தேசிய ஃபெல்லோஷிப் உண்டு. தமிழக அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. வீட்டுக்கு ஒரே பெண் என்றால் யுஜிசியின் சாவித்ரிபாய் பூலே ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடி வாங்குகிற பொருளில்லை, முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைம் என்றால் வேலை கொடுப்பவரின் தடையில்லாச் சான்று வேண்டும், அதில் ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவதாக எழுதியிருக்க வேண்டும். இந்தச் சான்றை வாங்குவதற்கே சில நிர்வாகங்கள் மாதக்கணக்கில் இழுக்கும். பார்ட் டைமில் சேருகிறவர்களுக்கு ஃபெல்லோஷிப் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 4: கைடு

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், குறைந்தது ஒரு செமஸ்டர்.

யாரிடம் இடம் இருக்கும்? ஒரு பேராசிரியர் 8 ஸ்காலர்கள், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. பெரிய பேர் என்று ஓய்வை நெருங்கியவரைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வருடத்தைத் தொலைக்காதீர்கள். நீலகிரி பாரதியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி எல்லாம் அதோடு இணைந்தவை, உங்கள் பாடத்துக்கு மலையிலேயே அங்கீகாரம் பெற்ற ஆய்வுத் துறையும் இடமுள்ள கைடும் இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பார்மசி என்றால் ஊட்டியிலேயே ஜே.எஸ்.எஸ். கல்லூரி. பழனி மலைப் பக்கத்துப் பெண்களுக்குக் கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் இருக்கிறது, அடிவாரத்தில் காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கைடு கோவையில் என்றால் போக வர ஒரு முழு நாள், அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

கைடின் பேர் கிடைத்ததும் ஷோத்கங்கா என்ற ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் அங்கே கிடைக்கும். இரண்டைத் திறந்து பதிவு செய்த வருடம், சமர்ப்பித்த வருடம், தரவு எப்படி எடுத்திருக்கிறார்கள், நன்றியுரையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அவரிடம் இப்போது இருக்கிற ஸ்காலர் யாரையாவது தனியாகப் பிடித்து, டீக்கடையில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? சொந்த வேலை வாங்குவாரா? கட்டுரையில் யார் பேர் முதலில் வரும்? கடைசிக் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதல் மின்னஞ்சலை "ரெஸ்பெக்டட் சார், வேகன்சி இருக்கா?" என்று ஒரு வரியில் அனுப்பாதீர்கள். இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் பொருளியலில் முதுகலை முடித்திருக்கிறேன், நெட் தகுதி பெற்றிருக்கிறேன். சிறு தேயிலை விவசாயிகள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். இலை ஏஜென்டுகளுக்கும் விவசாயிகளுக்கும் உள்ள கடன் உறவு பற்றிய பகுதியைக் கோத்தகிரிப் பக்கத்தில் தொடர்ந்து பார்க்க விரும்புகிறேன். ஒரு பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். இந்த ஆண்டு தங்களிடம் இடம் இருந்தால், தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்."

அவ்வளவு போதும். கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும், நேரில் போனால் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். பத்து நாள் பொறுத்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

படி 5: இப்போது தலைப்பு

மலையில் பிறந்ததே ஒரு பெரிய சொத்து. உலகத்தில் எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், நமக்கோ வாசலைத் திறந்தால் களம். முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது, குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல். ஊட்டி நீலகிரி நூலகத்துக்கு 1859-இலிருந்து வரலாறு, முத்தோரைப் பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலான சூரியப் படங்கள் டிஜிட்டலாகவே இருக்கின்றன, இயற்பியல் படித்த பிள்ளை அதை வைத்தே பல கேள்விகள் கேட்கலாம்.

ஆனால் களம் வேறு, கேள்வி வேறு. ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். "நீலகிரி தேயிலை விவசாயிகளின் பிரச்சினைகள் ஓர் ஆய்வு" என்று ஒருவர் எழுதி வருகிறார். இதில் கேள்வியே இல்லை. எந்த விவசாயி? எந்தப் பிரச்சினை? இதற்கு வரக்கூடிய பதில் நமக்கு ஏற்கெனவே தெரியும்: விலை கட்டுபடியாகவில்லை, ஆள் கிடைக்கவில்லை, காட்டெருமை வருகிறது. தெரிந்ததைத் தெரிந்துகொள்ள ஐந்து வருடம் வேண்டாம்.

சரி, அதே ஆளை ஒரு வாரம் ஹட்டியில் (படகர் ஊரில்) சும்மா உட்காரச் சொல்லுங்கள். காலையில் பறித்த இலை மூட்டை ரோட்டோரத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே கூட்டுறவுத் தொழிற்சாலை, அதில் அந்த வீட்டுக்காரர் மெம்பர்கூட. ஆனால் மூட்டை ஏறுவது தனியார் தொழிற்சாலை ஏஜென்டின் வண்டியில். ஏன்? பொண்ணு கல்யாணத்துக்கு ஏஜென்ட் முன்பணம் கொடுத்திருக்கலாம். எடை பார்க்கும்போது கழிவு குறைவாகப் பிடிக்கலாம். பணம் கைக்குச் சீக்கிரம் வரலாம். தேயிலை வாரியம் மாதா மாதம் பச்சைத் தேயிலைக்கு அறிவிக்கிற சராசரி விலைக்கும் கையில் கிடைக்கிற விலைக்கும் உள்ள இடைவெளியை அந்த வீடு எப்படிக் கணக்குப் போடுகிறது? இப்போது கேள்வி வந்துவிட்டது: "கோத்தகிரி வட்டத்தில் கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராக உள்ள சிறு விவசாயிகள் தங்கள் இலையைத் தனியாருக்குக் கொடுக்கும் முடிவை எப்படி எடுக்கிறார்கள்?" இதற்கு யாரிடம் பேச வேண்டும், எந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று உடனே திட்டம் போட முடிகிறது. முடிவு முன்கூட்டியே தெரியாது. தலைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இதுதான், பதில் உங்களையே ஆச்சரியப்படுத்த வாய்ப்பு இருக்க வேண்டும்.

படி 6: அனுமதி, மழை, மனிதர்கள்

முதுமலை, முக்கூர்த்தி, கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உள்ளூர் ரேஞ்சரைத் தெரியும் என்பது அனுமதி ஆகாது. விண்ணப்பம் சென்னை வரை போய்த் திரும்பி வர நேரம் ஆகும், அதனால் கோர்ஸ் வொர்க் (சேர்ந்ததும் படிக்க வேண்டிய பாடங்கள்) நடக்கும்போதே போட்டுவிடுங்கள்.

காலண்டரைக் கையில் வைத்துக் களப்பணியைத் திட்டமிடுங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கணக்கில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் கொட்டியது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு நிற்கும். அந்த மாதங்களில் டிசி மீட்டிங் (ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம்) தேதி விழுந்தால் முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள்.

அப்புறம் மனிதர்கள், இதுதான் முக்கியம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிக் குழுக்களும் வாழ்வது நீலகிரியில். ஆய்வாளர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மக்கள் இவர்கள். வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள், என்ன எழுதினார்கள் என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை என்பது நியாயமான கோபம். ஊர்ப் பெரியவரிடம் முதலில் போங்கள். என்ன கேட்கப் போகிறீர்கள், எதற்கு, எங்கே வெளியாகும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே சம்மதம் வந்துவிடாது. மருந்துச் செடி, சடங்கு போன்றவற்றில் அவர்கள் வெளியிட வேண்டாம் என்று சொன்னால் வெளியிடக் கூடாது, அந்த அத்தியாயமே போனாலும் சரி. நம் ஊர்ப் பிள்ளையே இப்படிச் செய்துவிட்டது என்ற பேர் வந்தால் அடுத்து வருகிறவர்களுக்கும் கதவு அடைந்துவிடும்.

படி 7: கோர்ஸ் வொர்க்கும் எழுத்தும்

கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட், ஆய்வு நெறிமுறைப் பாடம் கட்டாயம். செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். பாடம் நடத்தும் பயிற்சியும் 2022 விதிகளில் இருக்கிறது, ஸ்காலருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு அல்லது ஆய்வு உதவி வேலை தரலாம். இதைச் சுமை என்று நினைக்காதீர்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள் முன்னால் உங்கள் ஆய்வின் ஒரு கருத்தை விளக்கிப் பாருங்கள், உங்களுக்கே எங்கே புரியவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதே சமயம் கைடின் வகுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுந்தால் அந்த வார மணிக் கணக்கைக் குறித்து வைத்துக் குழுவில் பேசுங்கள்.

எழுத்துக்கு ஒரே வழி, தினமும் கொஞ்சம். வாரத்தில் ஐந்து நாள், காலையில் ஒரு மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. "தரவு எல்லாம் வந்த பிறகு மொத்தமாக எழுதிக்கலாம்" என்று இருந்தவர்கள்தான் மறுபதிவுக்குப் போகிறார்கள். கைடைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பேசியது, ஒத்துக்கொண்டது, அடுத்த தேதி மூன்றையும் எழுதி அன்று இரவே மின்னஞ்சலில் அனுப்புங்கள். "நேற்று தாங்கள் சொன்னபடி" என்று பணிவாகத் தொடங்கினால் போதும். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு வராது.

தனியாக இருப்பதுதான் மலையில் பெரிய தொல்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு போன்ற மனநலப் பாதிப்பு ஏற்படும் அபாயம் தெரிந்தது. அங்கேயே அப்படி. பக்கத்து ஊர் ஸ்காலர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை உட்காருங்கள், துறை வேறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒருவர் எழுதிய ஐந்து பக்கத்தை மற்றவர்கள் படித்துச் சொல்லட்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படி 8: கட்டுரை வெளியிடுவது

2022 விதிகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். யுஜிசி கேர் என்ற ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். இனி இதழ் நல்லதா என்று நீங்களும் கைடும்தான் பார்க்க வேண்டும். பணம் கட்டினால் மூன்று நாளில் போடுகிறோம் என்றால் அது இதழே இல்லை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையில் எழுதுகிறவர்களா, பழைய இதழ்களில் உங்கள் துறைக் கட்டுரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமை சோதனையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருடத் தடை, அதையும் தாண்டினால் பதிவே ரத்து. ஏஐ கருவியிடம் மேற்கோள் நூல்கள் கேட்டால் இல்லாத நூலையும் இருப்பதுபோல் தரும், ஒவ்வொன்றையும் நூலகத்தில் நேராகப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. மேற்கோள்களை முதல் நாளிலிருந்தே ஸொட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் போட்டு வையுங்கள்.

படி 9: சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) முதல் வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

கைடைத் தவிர குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படிப்பார்கள். சமர்ப்பித்த நாளிலிருந்து வைவா வரை 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கோப்பு எங்கோ நின்றுவிடும், மாதம் ஒரு தடவை பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் மரியாதையாக விசாரியுங்கள். வைவாவில் "உங்கள் ஆய்வின் குறை என்ன" என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லாமல், உண்மையான இரண்டைச் சொல்லி அதை ஏன் அப்படி விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வைவா முடிந்ததும் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. திருத்திய பிரதி ஷோத்கங்காவுக்குப் போகிறதா என்று பாருங்கள். நீங்கள் போன ஊர்களுக்கு முடிவுகளைத் தமிழில் நான்கைந்து பக்கமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், படித்தும் காட்டுங்கள், பெரியவர்கள் திருத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திடமிருந்து, 2022 விதிமுறைப்படி இந்தப் பட்டம் வழங்கப்படுகிறது என்று குறிப்பிடும் தற்காலிகச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்கி இரண்டு மூன்று நகல் எடுத்து வையுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள், அந்த நேரத்தில் கோவைக்கு ஓடினால் கடைசித் தேதி போய்விடும்.